புழு வரும் நாள், குஞ்சு பசிக்கும் நாள்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள் நம் உழவர்கள். பட்டம் என்றால் பருவம். பருவத்தில் விதைத்தால் பயிர் செழிக்கும். பருவம் தவறினால் விதையும் வீண், உழைப்பும் வீண். இந்தியாவின் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. மழை எப்போது வரும், பனி எப்போது விழும் என்று பார்த்துத்தான் விதைப்பார்கள்.

பறவைகளுக்கும் பருவக் கணக்கு உண்டு. கூடு கட்ட ஒரு காலம். முட்டையிட ஒரு காலம். இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்க ஒரு காலம். நீண்ட பயணம் போக ஒரு காலம். இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும்? குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

உலகின் சில பகுதிகளில் இன்று அப்படித்தான் நடக்கிறது. பூமி சூடாகி வருவதால் பருவங்கள் நகருகின்றன. ஆனால் எல்லா உயிர்களும் ஒரே வேகத்தில் நகருவதில்லை. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு சிறிய குருவியும், ஒரு பச்சைப் புழுவும், பல ஆண்டுகள் எழுதி வைத்த நோட்டுகளும் இதைச் சொல்லிக் கொடுத்தன.

சேவலுக்கு நேரம் சொல்வது யார்?

விடியற்காலையில் சேவல் கூவுகிறது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே சேவல் கூவத் தொடங்கிவிடும்.

ஜப்பான் நாட்டில் நாகோயா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். சேவல்களை ஓர் அறையில் வைத்தார்கள். இரவும் பகலும் ஒரே மாதிரி மங்கலான வெளிச்சம். விடியல் என்பதே அங்கு இல்லை. அப்படியும் சேவல்கள் பல நாட்கள் ஏறக்குறைய 24 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை நேரத்தில் கூவின. இந்த ஆராய்ச்சி 2013ஆம் ஆண்டு வெளியானது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. இதை உயிர்க் கடிகாரம் என்கிறார்கள். இது முள்ளும் சக்கரமும் உள்ள கடிகாரம் அல்ல. மூளையில் நடக்கும் வேலைகளே இந்தக் கடிகாரம். நமக்கும் இது உண்டு. வழக்கமான நேரத்தில் பசிப்பதும், தூக்கம் வருவதும் இதனால்தான்.

பறவைகளுக்கு ஆண்டுக் கடிகாரமும் உண்டு. ஜெர்மனி நாட்டில் எபர்ஹார்ட் க்வின்னர் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். கதிர்க்குருவி என்பது சிறிய பறவை. குளிர்காலத்தில் இது ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும். க்வின்னர் சில கதிர்க்குருவிகளைக் கூண்டில் வளர்த்தார். ஆண்டு முழுவதும் அவற்றுக்கு 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஆனாலும் பயணக் காலம் நெருங்கியதும் அவை இரவில் தூங்காமல் துடித்தன. இறகுகளையும் முறைப்படி உதிர்த்தன. உள்ளே இருந்த கடிகாரம் அவற்றுக்குப் பருவத்தைச் சொன்னது.

பகல் நீளமே பஞ்சாங்கம்

கடிகாரம் சில சமயம் வேகமாக ஓடும். சில சமயம் மெதுவாக ஓடும். அதைச் சரி செய்து வைக்க வேண்டும். உயிர்க் கடிகாரத்தைச் சரி செய்வது வெளிச்சம்.

கோடையில் பகல் நீளம். குளிர்காலத்தில் பகல் குறைவு. இந்த மாற்றம் ஆண்டுதோறும் ஒரே மாதிரி நடக்கும். மழை தவறலாம். பனி தவறலாம். பகல் நீளம் தவறவே தவறாது. அதனால் பறவைகள் அதைப் பஞ்சாங்கம் போல் நம்புகின்றன. பறவையின் மூளைக்குள் ஒளியை உணரும் பகுதி இருக்கிறது. மெல்லிய மண்டை ஓட்டைத் தாண்டி வெளிச்சம் அங்கே போய்ச் சேருகிறது.

கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பொழுது சாய்ந்த பிறகும் பண்ணையில் விளக்கு எரியும். இயற்கை வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 16 மணி நேரம் இருக்கும்படி பார்த்துக் கொள்வார்கள். நீண்ட பகல் வந்துவிட்டது என்று கோழியின் உடல் எண்ணிக் கொள்ளும். நிறைய முட்டையிடும்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கருப்புத் தலை கொண்ட பண்டிங் என்ற சிறு பறவை மேற்கு ஆசியப் பகுதிகளிலிருந்து குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும். வயல்களில் தானியம் தின்னும். கோடை தொடங்கும்போது திரும்பிப் போகும். லக்னோவிலும் டெல்லியிலும் பேராசிரியர் வினோத் குமார் இந்தப் பறவையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குறைந்த நேரமே வெளிச்சம் கொடுத்தபோது பறவை சாதாரணமாக இருந்தது. வெளிச்சம் தரும் நேரத்தைக் கூட்டியதும் அது நிறையத் தின்றது. உடலில் கொழுப்பைச் சேர்த்தது. இரவில் தூங்காமல் குதித்தது. புறப்படும் காலம் வந்துவிட்டது என்று அதன் உடல் சொன்னது.

ஆகவே பறவையின் பஞ்சாங்கம் பெரும்பாலும் வெளிச்சத்தை வைத்து ஓடுகிறது. ஆனால் அது தின்னும் புழு, பூச்சிகளின் பஞ்சாங்கம் பெரும்பாலும் வெப்பத்தை வைத்து ஓடுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

காட்டில் தொங்கும் பெட்டிகள்

நெதர்லாந்து என்பது ஐரோப்பாவில் உள்ள சிறிய நாடு. அங்கே ஹோகே வேலுவே என்ற காடு இருக்கிறது. அந்தக் காட்டு மரங்களில் நூற்றுக்கணக்கான சிறிய மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெட்டியின் முன்புறம் ஒரு வட்டத் துளை. குருவி நுழையும் அளவுதான் துளை.

இந்தப் பெட்டிகளில் பட்டாணிக் குருவிகள் கூடு கட்டுகின்றன. தலை கருப்பு, கன்னம் வெள்ளை, வயிறு மஞ்சள். வயிற்றின் நடுவே கருப்புக் கோடு. எடை சுமார் 18 கிராம்தான். இதன் நெருங்கிய உறவுப் பறவை நம் நாட்டிலும் உண்டு. இமயமலைச் சரிவிலும் நீலகிரி போன்ற மலைகளிலும் பார்க்கலாம். அதன் வயிறு மஞ்சளாக இல்லாமல் சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும்.

ஹோகே வேலுவே காட்டில் 1955ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்து எழுதி வருகிறார்கள். வசந்த காலத்தில் வாரம் ஒரு முறை பெட்டி பெட்டியாகப் போவார்கள். முதல் முட்டை எந்தத் தேதியில்? மொத்தம் எத்தனை முட்டை? எத்தனை பொரித்தன? எத்தனை குஞ்சுகள் பறந்து போயின? எல்லாவற்றையும் எழுதுவார்கள். குஞ்சின் காலில் எண் பொறித்த சிறிய உலோக வளையம் மாட்டுவார்கள். அடுத்த ஆண்டு அது திரும்பி வந்தால் அடையாளம் தெரியும்.

தொடங்கியபோது பூமி சூடாவதைப் பற்றி அவர்கள் நினைக்கவில்லை. பறவைகளின் எண்ணிக்கை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று அறியத்தான் எழுதினார்கள். பார்ப்பவர்கள் மாறினார்கள். நோட்டு மட்டும் தொடர்ந்தது.

மார்செல் விஸர் என்ற சூழலியல் விஞ்ஞானி பின்னாளில் இந்த நோட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார். சூழலியல் என்பது உயிர்கள் ஒன்றோடொன்றும், காற்று, நீர், மண்ணோடும் எப்படி இணைந்து வாழ்கின்றன என்று ஆராயும் படிப்பு.

ஓக் மரமும் பச்சைப் புழுவும்

பட்டாணிக் குருவி வளர்ந்த பிறகு விதையும் தின்னும், பூச்சியும் தின்னும். குஞ்சுக்கு மட்டும் புழுதான் வேண்டும். அதிலும் பச்சைப் புழுதான் சிறந்த உணவு. தாயும் தந்தையும் நாள் முழுவதும் ஓய்வில்லாமல் பறந்து நூற்றுக்கணக்கான புழுக்களைக் கொண்டு வந்து ஊட்டும்.

இந்தப் பச்சைப் புழு எங்கிருந்து வருகிறது? அது ஓர் அந்துப்பூச்சியின் குட்டி. குளிர்காலத்தில் பெண் அந்துப்பூச்சி ஓக் மரத்தில் ஏறி முட்டையிடும். அதற்குச் சிறகு சரியாக வளர்ந்திருக்காது. பறக்க முடியாமல் நடந்தே ஏறும். முட்டைகள் குளிரில் மரத்திலேயே இருக்கும். வசந்த காலத்தில் ஓக் மரம் துளிர்க்கும்போது முட்டை பொரியும்.

புழுவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. துளிர் வரும் முன்பே பொரித்தால் தின்ன இலை இருக்காது. சில நாட்களில் செத்துவிடும். தாமதமாகப் பொரித்தால் இலை முற்றிவிடும். கடிக்கவும் கடினம், சத்தும் குறைவு. ஆகவே துளிரும் புழுவும் ஒன்றாக வர வேண்டும்.

புழு சில வாரங்கள் தின்று கொழுக்கும். பிறகு நூல் விட்டு இறங்கி மண்ணுக்குள் போய்விடும். அதன் பிறகு மரத்தில் புழு இருக்காது. குருவிகளுக்கு இது மூன்று வாரம் போல நடக்கும் ஒரு விருந்து. விருந்து நடக்கும்போதே வந்து சேர வேண்டும். பிறகு வந்தால் பந்தி முடிந்திருக்கும்.

உயரமான மரத்தில் எத்தனை புழு இருக்கிறது என்று எப்படி எண்ணுவது? அதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். மரத்தடியில் துணி கட்டி வைத்தார்கள். புழுக்களின் எச்சம் மணல் மணலாகத் துணியில் விழும். சில நாளுக்கு ஒரு முறை அதை எடுத்து, உலர்த்தி, எடை போட்டார்கள். எடை கூடினால் மரத்தில் புழு கூடுகிறது. எடை குறைந்தால் விருந்து முடிகிறது. இப்படி ஒவ்வோர் ஆண்டும் புழு உச்சத்தில் இருந்த நாளைக் குறித்து வைத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குருவி நாளுக்கு ஒரு முட்டை இடும். மொத்தம் 9 முட்டை இடுகிறது என்று வைத்துக் கொள்வோம். கடைசி முட்டை இட்ட பிறகு 13 நாள் அடைகாக்கும் என்று வைத்துக் கொள்வோம். குஞ்சு பொரித்த பத்தாம் நாள் போல அதற்குப் பசி மிக அதிகம்.

முதல் முட்டை ஏப்ரல் 20 என்று கொள்வோம்.
ஒன்பதாம் முட்டை ஏப்ரல் 28.
குஞ்சு பொரிப்பது மே 11.
குஞ்சுக்குப் பெரும்பசி மே 21.

அதாவது முதல் முட்டைக்கும் பெரும்பசிக்கும் இடையே ஒரு மாதம். மே 21இல் புழு உச்சமாக இருந்தால் குஞ்சுகள் வயிறாரத் தின்னும். ஆனால் அதைத் தாய் ஏப்ரல் 20க்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். அப்போது மரத்தில் இலை கூட விரிந்திருக்காது. அறுவடை நாளை மனத்தில் வைத்து விதைக்கும் உழவரைப் போலத்தான் இதுவும்.

பழைய காலத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. பகல் நீளம் கூடுவதையும், வசந்தத்தின் தொடக்க நாட்களில் குளிர் குறைவதையும் வைத்துக் குருவி நாள் குறித்தது. அதே ஒழுங்கில் புழுவும் வந்தது.

கணக்கு தவறியது

1973 முதல் 1995 வரை உள்ள 23 ஆண்டுக் குறிப்புகளை விஸரும் அவருடைய நண்பர்களும் ஆராய்ந்தார்கள். முடிவை 1998ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

அந்த 23 ஆண்டுகளில் புழு உச்சமடையும் நாள் சுமார் 9 நாள் முன்னால் வந்துவிட்டது. குருவி முட்டையிடும் நாளோ முன்னால் வரவே இல்லை.

முன்பு போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். புழு உச்சம் மே 21க்குப் பதிலாக மே 12 ஆகிவிட்டது என்று கொள்வோம். குஞ்சு பொரித்ததே மே 11இல். விருந்து உச்சத்தில் இருக்கும்போது குஞ்சுக்கு ஒரு நாள் வயது. குஞ்சுக்குப் பெரும்பசி வரும்போது புழுக்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் போய்விட்டன.

தாயும் தந்தையும் தொலைவுக்குப் பறந்து தேடுகின்றன. சத்துக் குறைந்த இரையைக் கொண்டு வருகின்றன. சில குஞ்சுகள் கூட்டிலேயே சாகின்றன. பிழைத்தவை எடை குறைந்து வளர்கின்றன. எடை குறைந்த குஞ்சு அடுத்த ஆண்டு வரை உயிரோடு இருப்பது கடினம்.

குருவி ஏன் முன்னால் முட்டையிடவில்லை?

வசந்தம் சூடானால் குருவிக்கு அது தெரியாதா? தெரியும். வெப்பத்தையும் அது கவனிக்கிறது. விஸர் குழுவினர் பெரிய கூண்டுகளில் குருவிகளை வளர்த்து இதைச் சோதித்தார்கள். சில கூண்டுகளில் சூடான வசந்தம், சில கூண்டுகளில் குளிர்ந்த வசந்தம் இருக்கும்படி செய்தார்கள். சூடான கூண்டில் இருந்தவை முன்னதாக முட்டையிட்டன.

அப்படியானால் காட்டில் ஏன் பிந்தின? வெப்பம் எல்லா வாரத்திலும் ஒரே அளவு கூடவில்லை. குருவி நாள் குறிக்கும் வாரங்களில் குளிர் அவ்வளவாகக் குறையவில்லை. அது முட்டையிட்ட பிறகு வந்த வாரங்களில்தான் வெப்பம் கூடியது. அந்த வெப்பத்தில் புழு வேகமாக வளர்ந்துவிட்டது. முட்டையிட்ட பிறகு குருவியால் கணக்கை அவ்வளவாக மாற்ற முடியாது. அடைகாக்கும் நாட்களைக் குறைக்க முடியுமா? குஞ்சு வளரும் நாட்களைக் குறைக்க முடியுமா? ஓரிரு நாள்தான் முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. முட்டையிடத் தாய்க்குச் சத்து வேண்டும். சீக்கிரமாக முட்டையிட நினைத்தால் அப்போது குளிர் அதிகம், இரை குறைவு. தாயின் உடல் தாங்காது.

ஆப்பிரிக்காவிலிருந்து வரும் விருந்தாளி

பட்டாணிக் குருவி ஆண்டு முழுவதும் அதே காட்டில் வாழும். அதற்கே இந்தப் பாடு. தொலைவிலிருந்து வரும் பறவையின் பாடு இன்னும் கடினம்.

கருப்பும் வெள்ளையும் கலந்த ஈப்பிடிப்பான் என்று ஒரு சிறு பறவை. குளிர்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும். வசந்தத்தில் சகாரா பாலைவனத்தைத் தாண்டி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நெதர்லாந்துக்கு வரும். ஏப்ரலில் வந்து, மரப்பெட்டியில் கூடு கட்டும். அதன் குஞ்சுகளுக்கும் பச்சைப் புழு வேண்டும்.

ஆப்பிரிக்காவில் இருக்கும்போது நெதர்லாந்தில் வசந்தம் சீக்கிரம் வந்ததா, தாமதமா என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. உள்ளே இருக்கும் கடிகாரமும் பகல் நீளமும் சொல்லும் நாளில்தான் புறப்படும்.

கிறிஸ்டியான் போத் என்ற விஞ்ஞானியும் விஸரும் இதை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டு எழுதினார்கள். 20 ஆண்டுகளில் பறவை வந்து சேரும் நாள் மாறவில்லை. ஆனால் முட்டையிடும் நாள் சுமார் 10 நாள் முன்னால் வந்தது. அதாவது முன்பு வந்து சில நாள் இளைப்பாறியது. இப்போது இளைப்பாற நேரமில்லை. வந்த கையோடு கூடு கட்டி முட்டையிடுகிறது. அப்படியும் புழுவை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

2006ஆம் ஆண்டு அடுத்த முடிவு வந்தது. நெதர்லாந்தின் பல காடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புழு தாமதமாக வரும் காடுகளில் ஈப்பிடிப்பான் பெரிதாகக் குறையவில்லை. புழு மிகச் சீக்கிரம் வந்து போகும் காடுகளில் 20 ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டது. 100 பறவை இருந்த இடத்தில் 10தான் மிச்சம்.

எல்லா இடத்திலும் ஒரே கதையா?

இல்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே வைத்தம் என்ற காடு இருக்கிறது. அங்கும் பட்டாணிக் குருவிகளை 1947ஆம் ஆண்டு முதல் கவனித்து எழுதி வருகிறார்கள். 1961 முதல் 2007 வரை பார்த்தால், அந்தக் குருவிகள் முட்டையிடும் நாள் சுமார் 14 நாள் முன்னால் வந்துவிட்டது. அவை புழுவோடு சேர்ந்தே நகர்ந்துவிட்டன. ஒரே வகைக் குருவிதான். ஒரு காட்டில் பிந்தியது, இன்னொரு காட்டில் பிந்தவில்லை. அந்தந்த இடத்தில் எந்த வாரத்தில் வெப்பம் கூடுகிறது என்பது முக்கியம்.

நெதர்லாந்திலும் பட்டாணிக் குருவியின் எண்ணிக்கை இன்னும் பெரிதாகச் சரியவில்லை. 2013ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி காரணம் சொல்லியது. குஞ்சுகள் குறைவாகப் பிழைத்தன. ஆனால் பிழைத்தவற்றுக்குக் குளிர்காலத்தில் போட்டி குறைந்தது. அதனால் அவற்றில் அதிகம் உயிர் தப்பின. ஒரு பக்கம் நட்டம், இன்னொரு பக்கம் கொஞ்சம் ஈடு.

2021ஆம் ஆண்டு இன்னொரு செய்தியும் வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அங்கே வசந்தத்தின் பிற்பகுதியில் வெப்பம் அவ்வளவாகக் கூடவில்லை. அதனால் குருவிக்கும் புழுவுக்கும் இருந்த இடைவெளியும் குறைந்திருந்தது. வெப்பம் கட்டுக்குள் இருந்தால் பறவையின் கணக்கு மீண்டும் சரியாகும் என்பதற்கு இது சாட்சி.

குருவிகள் எல்லாம் ஒன்று போல் இல்லை என்பதும் தெரிந்தது. சில தாய்க் குருவிகள் வெப்பத்தைப் பார்த்து நாளை நன்றாக மாற்றிக் கொள்கின்றன. சில அவ்வளவாக மாற்றுவதில்லை. இந்தக் குணம் தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகிறது. மாற்றத் தெரிந்தவை பிழைத்துப் பெருகினால், தலைமுறை தலைமுறையாகப் பறவையின் பஞ்சாங்கமும் திருந்தலாம். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். வெப்பம் வேகமாகக் கூடினால் அந்தக் காலம் கிடைக்காது.

வெப்பம் ஏன் கூடுகிறது?

நிலக்கரி, பெட்ரோல், டீசல் இவற்றை எரிக்கும்போது கரியமில வாயு வெளிவருகிறது. அது வானில் போர்வை போலப் படர்ந்து, பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. காடுகளை அழித்தால் இது இன்னும் கூடும். இந்தியாவில் 1901 முதல் 2018 வரை சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் ஒரு புழு 9 நாள் முந்தி வளரவும், ஒரு பூ முந்திப் பூக்கவும் சிறிய மாற்றமே போதும்.

இது பறவைக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. பூ பூக்கும் நாளில் தேனீ இல்லாவிட்டால் காய் பிடிக்காது. பயிர்ப்பூச்சி முந்தி வந்து, அதைத் தின்னும் பறவை பிந்தி வந்தால் நட்டம் உழவருக்கு. ஒன்றின் நாள் நகர்ந்தால் அதைச் சார்ந்த எல்லாவற்றின் நாளும் கலையும்.

நீங்களும் எழுதலாம்

நெதர்லாந்துக் காட்டில் பெரிய கருவி எதுவும் இந்த உண்மையைக் காட்டவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்து, தேதியோடு எழுதி வைத்ததுதான் காட்டியது. ஓராண்டு எழுதியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல பத்தாண்டுகள் விடாமல் எழுதியதால்தான் 9 நாள் நகர்ந்தது தெரிந்தது.

நம் நாட்டிலும் மக்கள் இப்படி எழுதுகிறார்கள். 2023ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை வந்தது. 30,000க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பார்த்து எழுதிய குறிப்புகளை வைத்து அது தயாரானது. நீண்ட காலக் கணக்குப் பார்க்க முடிந்த பறவை வகைகள் 338. அவற்றில் 60 சதவீதம் குறைந்து வருவது அதனால் தெரிந்தது. காடும் புல்வெளியும் அழிவது, பூச்சிமருந்து, வேட்டை, வெப்பம் என்று பல காரணங்கள் இருக்கலாம். காரணம் தேடுவதற்கு முன், குறைகிறது என்பது தெரிய வேண்டும் அல்லவா? சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் மரங்கள் துளிர்ப்பதையும் பூப்பதையும் பார்த்து எழுதுகிறார்கள்.

வட இந்தியாவில் சுடலைக்குயில் என்ற பறவை தென்மேற்குப் பருவமழையோடு வரும். சாதகப் பறவை என்பதும் இதுதான். கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, தலையில் கொண்டை. இது வந்தால் மழை வரும் என்று உழவர்கள் சொல்வார்கள். அது வந்த தேதியை ஆண்டுதோறும் எழுதி வைத்தால், மழையும் பறவையும் சேர்ந்து வருகின்றனவா என்று சொல்ல முடியும்.

உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். ஒரு பழைய நோட்டுப் போதும். இவற்றைத் தேதியோடு எழுதுங்கள்:

இந்த ஆண்டு குயில் முதலில் கூவிய நாள்.
வேம்பு முதலில் பூத்த நாள்.
மாமரத்தில் முதல் பூ வந்த நாள்.
வீட்டருகே காகமோ குருவியோ கூடு கட்டத் தொடங்கிய நாள்.
பருவமழை முதலில் பெய்த நாள்.

மறக்காமல் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்தைப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். உங்களுக்குப் பிறகு அவர்கள் தொடர்ந்து எழுதுவார்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் சிறு வயதில் வேம்பு எந்த மாதத்தில் பூத்தது? இப்போது எந்த மாதத்தில் பூக்கிறது? வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

2. கோழிப் பண்ணையில் இரவில் விளக்கு ஏன் எரிகிறது?

3. ஒரு குருவி ஏப்ரல் 15இல் முதல் முட்டை இடுகிறது. நாளுக்கு ஒன்றாக 8 முட்டை இடுகிறது. கடைசி முட்டைக்குப் பிறகு 13 நாள் அடைகாக்கிறது. குஞ்சு எந்தத் தேதியில் பொரிக்கும்?

4. ஈப்பிடிப்பான் ஏன் முன்கூட்டியே புறப்பட்டு வரவில்லை?

5. உங்கள் ஊரில் மழை, வெயில், பனி பழைய காலத்தில் வந்தபடியே வருகின்றனவா? விதைப்பு நாள் மாறியிருக்கிறதா?

(மூன்றாம் கேள்விக்கு விடை: மே 5.)